தும்பிக்கை வைத்த 'லை': தமிழ் அச்சுப் பக்கத்தின் கதை

1935 ஜனவரியில் ஈரோட்டிலிருந்து வந்த 'குடி அரசு' வாரப் பத்திரிகையைப் பிரித்தவர்களில் பலர், கம்பாசிட்டர் தூக்கக் கலக்கத்தில் அச்சுக் கோர்த்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள். அதுவரை தமிழில் 'லை' என்ற எழுத்து இன்று இருப்பது போல இருக்கவில்லை. ல-வோடு ஒட்டிக்கொண்டு, யானை தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி ஒரு வளைவு மேலே போகும். ணை, ளை, னை மூன்றுக்கும் அப்படித்தான். ணா, றா, னா என்ற எழுத்துகளுக்குத் துணைக்கால் கிடையாது. எழுத்தின் வால் முனையே கீழே சுழித்துக்கொள்ளும். குடி அரசோ ஒரே நாளில் தும்பிக்கையை வெட்டிவிட்டு, கை, தை, மை எழுதுவது போலவே லை, னை என்று சங்கிலிக்கொம்பு போட்டு அச்சடித்தது. கா, சா எழுதுவது போலவே ணா, றா, னா என்று கால் போட்டது.

இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுவது இந்த எழுத்தைத்தான். அதனால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் அரசாங்கம் இதை ஏற்றுக்கொள்ள 43 வருடம் ஆனது. சாதி, மதம், ஆட்சி என்று ஊரையே எதிர்த்து எழுதிக்கொண்டிருந்த ஓர் அரசியல் பத்திரிகை, எழுத்தின் தும்பிக்கையைப் பற்றி ஏன் கவலைப்பட்டது? இதற்குப் பதில் மொழி இலக்கணத்தில் பாதி இருக்கிறது என்றால், மீதிப் பாதி அச்சுக்கூடக் கணக்கில் இருக்கிறது.

பக்க வடிவமைப்பு என்றால் அழகுக் கலை என்று பொதுவாக ஒரு நினைப்பு உண்டு. திருப்பூரில் கட்டிங் டேபிள் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி புரியும். பனியன் துணியை விரித்து, அதன் மேல் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று பேட்டர்னை அடுக்கி மார்க்கர் போடும்போது, துண்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் வீணாகிறது என்பதுதான் லாபத்தைத் தீர்மானிக்கும். மிச்சமாகும் துண்டு பனியன் வேஸ்ட்டாகக் கிலோ கணக்கில் போய்விடும். ரொம்ப நெருக்கி அடுக்கினால் தையலுக்கு இடம் இல்லாமல் சட்டையே கெட்டுப்போகும். காகிதமும் இதே கதைதான். துணிக்கும் காகிதத்துக்கும் எடை சொல்லும் அளவுகூட ஒன்றே, ஜிஎஸ்எம்! எழுத்து எவ்வளவு பெரிது, வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, பத்தி எவ்வளவு அகலம், ஓரம் எவ்வளவு விடுவது என்ற நான்கு கேள்விக்குப் பதில் சொன்னால் பக்கம் தயார். நான்கிலும் காசு இருக்கிறது, படிக்கிறவனின் கண்ணும் இருக்கிறது.

தமிழ் அச்சு இந்தக் கேள்விகளை ஆரம்பத்திலேயே சந்தித்துவிட்டது. 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே உள்ள சின்னப் புத்தகம் என்பதால் பெரிய சிக்கல் வரவில்லை. சிக்கல் வந்தது தரங்கம்பாடியில். அங்கே 1706ல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் பைபிளை அச்சடிக்க நினைத்தார். ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்தில் தமிழ் எழுத்துகளை வார்த்து 1713ல் அனுப்பி வைத்தார்கள். எழுத்து வந்தது, ஆனால் ரொம்பப் பெரியது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் கையிருப்புக் காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். காகிதம் கப்பலில் வரவேண்டிய காலம் அது. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து சீஸ் அனுப்பிய டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்களாம். அந்தச் சின்ன எழுத்தில்தான் 1715ல் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. தமிழில் எழுத்தின் அளவை முதன்முதலில் தீர்மானித்தது அழகு அல்ல, காகித இருப்பு.

இருநூறு வருடம் கழித்து இதே கணக்கு தலைகீழாகப் புரண்டது. சென்னையிலிருந்து பி.இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ், ஆர்.ஜி.பதி கம்பெனி போன்ற பதிப்பகங்கள் போட்ட மலிவுப் புத்தகங்களைச் சந்தையிலும் திருவிழாவிலும் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்று அட்டையில் கதையின் பெயருக்கு முன்னாலேயே எழுத்தின் அளவு நிற்கும். இன்றைக்கு யாராவது '14 பாயிண்ட் பொன்னியின் செல்வன்' என்று அட்டையில் போடுவார்களா? ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும், கண் மங்கிய பாட்டிகளுக்கும், சிம்னி விளக்கில் ஒருவர் உரக்கப் படிக்கச் சுற்றி உட்கார்ந்து கேட்கிற கூட்டத்துக்கும் அந்த இரண்டு வார்த்தைதான் விளம்பரம். காகிதம் மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று பதிப்பாளர் முடிவு செய்தார். யாருக்காக அச்சடிக்கிறோம் என்று தெரிந்து செய்த வடிவமைப்பு என்று பார்த்தால், பல பளபளப்பு இதழ்களைவிட இந்தப் புத்தகங்கள் ஒரு படி மேல்.

நடுவில் இன்னொரு வேலையும் நடந்தது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பத்தி பிரிப்பது கிடையாது, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடக் கிடையாது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவர் ஏற்கெனவே பாதி மனப்பாடம் செய்தவர் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட பக்கம் அது. அதே பாட்டை அச்சில் போடும்போது, ஆசிரியர் பக்கத்தில் இல்லாத, முன்பின் தெரியாத ஒருவர் தனியாகப் படிக்கப் போகிறார். ஆறுமுக நாவலர் தன் உரைநடை நூல்களில் காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று குறிகளைக் கொண்டுவந்தார். உ.வே.சாமிநாதையர் 1887ல் பதிப்பித்த சீவக சிந்தாமணியில் மூலம், உரை, பாடபேதம், அகராதி என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்தார். எது முக்கியம், எது துணை என்பதைப் படிக்காமலேயே கண் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடிவமைப்புப் பாடத்தின் முதல் அத்தியாயம். படத்தைப் பொறுத்தவரை பாரதியாரின் 'இந்தியா' வார இதழ் 1906லிருந்தே அரசியல் கார்ட்டூன் போட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் கார்ட்டூனைப் பார்த்தால் வெள்ளைக்காரனைத் திட்டுகிறார்கள் என்று புரிந்துகொள்வான்.

சரி, ஈரோட்டுக்குத் திரும்பலாம்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கும் குடி அரசுக்கும் உள்ள தொடர்பு பத்திரிகை பிறக்கும் முன்பே தொடங்கியது. 1922ல் திருப்பூரில் நடந்த தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில் நாடார் முதலியோர் கோயிலுக்குள் போக உரிமை வேண்டும் என்று ஈ.வெ.ராமசாமி தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. அப்போது அவர் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற காங்கிரஸ்காரர். மேடையில் நிறைவேறாததைக் காகிதத்தில் பேச 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டில் குடி அரசைத் தொடங்கினார். ஈரோடு மஞ்சளும் ஜவுளியும் விற்கிற ஊர், அவரும் மண்டி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் நடந்துகொண்டிருந்த பத்திரிகைகளைப் போல வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் நம்பி நடந்த பத்திரிகை அல்ல இது. அதன் வாசகர்களில் பலர் அவர்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். 1931 சென்சஸ் காலத்தில் இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட முழுசாக எழுத்தறிவு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பியப் பயணம் கிளம்பினார். போகிற வழியில் துருக்கியையும் பார்த்தார். அங்கே கமால் பாட்சா 1928ல் அரபு எழுத்தையே தூக்கிவிட்டு லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்திருந்தார். 1932 கடைசியில் பெரியார் ஊர் திரும்பினார். அடுத்த வருடம் அக்டோபர் 29 தலையங்கத்துக்காக அவர் மேலும், பத்திரிகையை வெளியிட்ட தங்கை கண்ணம்மாள் மேலும் ராஜத்துவேஷ வழக்கு வந்தது. சர்க்கார் ஜாமீன் கேட்டு நெருக்க, குடி அரசு நின்றது. அதற்குப் பதிலாக 'புரட்சி' வந்தது, அப்புறம் 'பகுத்தறிவு' வந்தது. 1935 ஜனவரியில் குடி அரசு மறுபடி வந்தபோதுதான் மேலே சொன்ன புது எழுத்தோடு வந்தது.

பெரியார் சொன்ன காரணம் ரொம்ப நேரடியானது. எழுத்துகள் குறைந்தால் படிப்பதும், அச்சுக் கோர்ப்பதும், டைப் அடிப்பதும் சுலபம். ஐ-க்குப் பதில் அய், ஔ-வுக்குப் பதில் அவ் போதும் என்றும் சொன்னார். புனிதம் என்று எழுத்துக்கு ஒன்றும் கிடையாது, அது ஒரு கருவி என்பது அவர் வாதம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே எ-ஏ, ஒ-ஓ குழப்பத்தைத் தீர்க்க எழுத்தை மாற்றியவர்தானே. அப்போது தமிழ் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

இனி கணக்கு. தமிழ் எழுத்து 247 என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அச்சுக்கூடத்தில் 247 ஈய எழுத்து தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, புள்ளி வைத்த மெய் 18, க, ங, ச வரிசை 18. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு என்று நான்கும் தனி அச்சு. இவற்றை முன்னே பின்னே வைத்தால் கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாம் வந்துவிடும். ஆனால் கி, கீ, கு, கூ வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொன்றும் தனி அச்சு. ஆக 72. மொத்தம் 125. இங்கிலீஷில் பெரியதும் சின்னதும் சேர்த்து 52தான். கிரந்த எழுத்து, எண், குறிகள் தனி.

இந்த 125க்கு மேல் பழைய தும்பிக்கை எழுத்துகள் எத்தனை? சீர்திருத்தத்தில் மாறியவை ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்று 13. ஆனால் பழைய ணொ, ணோ இரண்டுமே பழைய ணா-வின் முன்னால் கொம்பு வைத்துச் செய்ததுதான். எனவே தனி அச்சு வேண்டியிருந்தவை ணா, றா, னா மூன்றும் ணை, லை, ளை, னை நான்கும். ஏழே ஏழு! 132 அறை இருந்த கேஸில் ஏழு அறை காலியாகிறது. நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதற்கா இவ்வளவு சண்டை என்று கேட்கலாம். கணக்குப் புத்தகத்தை வைத்து மட்டும் பார்த்தால் லாபம் சின்னதுதான். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, 'இல்லை', 'என்னை', 'அவனை', 'வேலை', 'நாளை' என்று இந்த எழுத்துகள் வரிக்கு வரி வருகிறவை. இரண்டு, இந்த மாற்றத்துக்கு முதலீடு பூஜ்யம். புதிதாக ஓர் எழுத்துகூட வார்க்க வேண்டாம். ஏற்கெனவே கேஸில் இருக்கிற துணைக்காலையும் சங்கிலிக்கொம்பையும் எடுத்து ன-வுக்கும் ல-வுக்கும் பக்கத்தில் வைத்தால் போதும். ஈரோட்டில் ஒரு சின்ன அச்சுக்கூடம் யாரிடமும் அனுமதி கேட்காமல் இதைச் செய்ய முடிந்தது அதனால்தான். வியாபாரி வீட்டுப் புத்தி என்றுதான் சொல்ல வேண்டும்! உண்மையில் பெரிய மிச்சம் தருவது அந்த 72 எழுத்துதான். ஆனால் அதைத் தொட்டால் புது அச்சு வார்க்க வேண்டும், பக்கம் மொத்தமும் அடையாளம் தெரியாமல் போய்விடும். தும்பிக்கையை வெட்டினால் வாசகன் அரை மணி நேரத்தில் பழகிவிடுவான். கு, கூ-வை மாற்றினால் பத்திரிகையைக் கீழே வைத்துவிடுவான்.

குடி அரசும், பின்னால் 'விடுதலை'யும் இந்த எழுத்திலேயே தொடர்ந்தன. மற்றவர்கள் தொடவில்லை. அதற்குப் பிறகு 'லை'யைப் பார்த்தாலே எந்தக் கட்சிப் பத்திரிகை என்று சொல்லிவிடலாம் என்ற நிலைமை வந்தது. இதுதான் இந்தக் கதையில் கொஞ்சம் வருத்தமான இடம். எல்லோருக்கும் சுலபமாக இருக்கட்டும் என்று செய்த ஒன்று, கொடியைப் போல ஓர் அடையாளம் ஆகிவிட்டது. கொள்கை பிடிக்காதவர்கள் எழுத்தையும் ஒதுக்கினார்கள்.

அதே வாசகனை இன்னொருவர் வேறு வழியில் போய்ப் பிடித்தார். லண்டனில் பாரிஸ்டர் படித்த சி.பா.ஆதித்தனார் 1942 நவம்பர் 1ஆம் தேதி மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கினார். பின்னால் தினத்தந்தி ஆனது அதுதான். லண்டன் டெய்லி மிர்ரர் பத்திரிகையின் பாணி அவர் மனதில் இருந்தது. அவர் எழுத்தைத் தொடவில்லை, வாக்கியத்தைத் தொட்டார். பேசுகிற தமிழ், சின்னச் சின்ன வாக்கியம், கொட்டை எழுத்தில் தலைப்பு, நிறையப் படம். தமிழில் தலைப்பு போடுவது லேசான காரியம் அல்ல. 'கைதுசெய்யப்பட்டிருக்கிறார்கள்' என்று ஒரு சொல் போட்டாலே பத்தி அகலம் முடிந்துவிடும். ஒடுக்கமான பத்தியில் இரு ஓரமும் சமமாக வரவேண்டும் என்றால், சொற்களுக்கு நடுவே ஆறு மாதிரி வெள்ளை ஓடும், அல்லது சொல்லை எங்காவது உடைக்க வேண்டும். தமிழ் நாளிதழ்கள் இணைப்புக்கோடு இல்லாமலே உடைத்தன. மெய்யெழுத்து மட்டும் அடுத்த வரியின் தலையில் போய் நிற்காமல் பார்த்துக்கொண்டால் கண் தடுமாறாது. தலைப்பில் உடைக்கக் கூடாது, எனவே 'கைது' என்று முடித்துவிட வேண்டியதுதான். செய்தித் தலைப்புகள் வினைமுற்று இல்லாமல் பெயர்ச்சொல்லோடு நிற்கிற பழக்கத்தில் பத்தி அகலத்துக்கும் பங்கு உண்டு. டீக்கடையில் ஒருவர் தலைப்பை உரக்கப் படிக்க, பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பேச்சைத் தொடங்கிவிடுவார். அதற்கு அந்த நீளமே சரி.

1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டு நேரத்தில், எம்.ஜி.ஆர். அரசு அந்த 13 எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. ஐ, ஔ தப்பித்தன. பாடப்புத்தகம் மாறியது, சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றுக்கொண்டன. பத்திரிகைகள் மட்டும் உடனே மாறவில்லை. கல்வெட்டு ஆராய்ச்சியாளரான ஐராவதம் மகாதேவன் 1987ல் தினமணி ஆசிரியராக வந்த பிறகுதான் அங்கே புது எழுத்து வந்தது. இரண்டாயிரம் வருடத்துத் தமிழ் எழுத்து எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று கல்வெட்டில் பார்த்தவர் அவர். தும்பிக்கை போவது அவருக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது!

வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் மாறி முடித்த நேரத்தில் கேஸும் ஈயமும் போய்விட்டன. ஆஃப்செட் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டரில் டிடிபி வந்தது. எத்தனை அறை என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போனது. அதற்குப் பதில் ஆளுக்கொரு ஃபாண்ட், ஆளுக்கொரு குறியீடு என்று வேறு தலைவலி ஆரம்பித்தது. ஒருவர் அடித்தது இன்னொருவர் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் ஒழுங்குபடுத்தப் பார்த்தது. கடைசியில் யூனிகோடு வென்றது. யூனிகோடில் பழைய 'லை'க்கும் புது 'லை'க்கும் தனித்தனி எண் கிடையாது. இரண்டும் ல-வும் ஐகாரக் குறியும்தான். எப்படிக் காட்டுவது என்பது ஃபாண்ட் செய்கிறவர் விருப்பம். விட்டுப்போன அந்த 72 எழுத்துகளையும் பிரித்து எழுதலாம் என்று வா.செ.குழந்தைசாமி ரொம்ப காலம் வாதாடினார். 2010ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் அந்த விவாதம் சூடுபிடித்தது, எதிர்ப்பும் பலமாக இருந்தது, நடக்கவில்லை. குழந்தைகள் கற்றுக்கொள்வது சுலபமாகும் என்ற வாதம் அப்போதும் மிச்சம் இருந்தது. அச்சுக்கூடம் மட்டும் துணைக்கு இல்லை.

இன்று குடி அரசு கட்டுரைகள் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரில் புதிதாக அடித்து, ஒரே மாதிரி பத்தியில், ஒரே அளவு எழுத்தில் வருகின்றன. அதில் 1925 கட்டுரையிலும் 'லை' புது லைதான், 1935 கட்டுரையிலும் புது லைதான். எந்த வாரத்தில் தும்பிக்கை போனது என்று அந்தப் பக்கங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பழைய இதழையே தேடிப் போக வேண்டும்.